குசினி வாசலில் விலை பேசிய கார்

மகனே,

நலம் விசாரித்துத் தொடங்க எனக்கு மனம் வரவில்லை. உன் அம்மா நன்றாக இருக்கிறாள். அதையாவது முதலில் எழுதுங்கள் என்று அவள் சொன்னதால் எழுதுகிறேன். எனக்கும் உடம்புக்கு ஒன்றும் இல்லை, மனசுதான் நேற்றிலிருந்து கொதித்துக்கொண்டு இருக்கிறது. “கோவத்துல எழுதாதீங்க, கொஞ்சம் ஆறட்டும்” என்று அவள் சொல்லிப் பார்த்தாள். ஆறிவிட்டால் எழுத மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இப்போதே உட்கார்ந்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிடாதே. தை மாதம் நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணிடம் காட்டு. ஹாலிஎலையில் கடை வைத்திருக்கும் அவளுடைய அப்பாவிடமும் காட்டு. உன் லொறிகளில் மூட்டை ஏற்றும் ஆட்களுக்கும் சத்தமாக வாசி. பெரிய கார் வாங்கப் போகிறேன் என்று நீ ஊரெல்லாம் சொல்லிவிட்டாய், அந்தக் காரைப் பற்றி உன் அப்பன் என்ன சொல்கிறான் என்பதும் ஊருக்குத் தெரியட்டும்.

விசயம் இதுதான். நான் டிரைவராக இருந்த தேயிலைத் தோட்டத்துப் பெரிய துரை தோட்டத்தை விட்டுச் சீமைக்குப் போகிறார். அவருடைய காரை நீ வாங்கப் போகிறாய். போகும் நாளில், வருகிற சனிக்கிழமை, அவரை அந்தக் காரிலே பதுளை ஸ்டேசனுக்குக் கொண்டுபோய் விட வேண்டும். ஓட்டப் போவது நான். அதுவும் பழையபடி வெள்ளைக் கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு. எல்லாம் பேசி முடித்தாகிவிட்டது. என்னிடம் மட்டும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

போன மாதம் நீ லுணுகலைக்கு வந்ததை நினைத்துப் பார். வெலிமடையிலிருந்து லொறியிலேயே வந்திருந்தாய். சட்டையெல்லாம் நீ ஏற்றுகிற லீக்ஸ் மரக்கறி வாசம். சோற்றில் கை வைத்தவுடனே ஆரம்பித்துவிட்டாய்.

“அப்பா, ஒரு பெரிய காரா வாங்கலாம்னு இருக்கேன். சின்னதெல்லாம் வேணாம். வாங்கினா இருக்கிறதுலயே ஒசந்ததா வாங்கணும்.”

“எதுக்கு, கரட் மூட்டை ஏத்தவா?” என்று கேட்டேன்.

“வெளையாடாதீங்கப்பா. கல்யாணத்துக்கு முன்னாடி எடுத்தாகணும். கொழும்புல புதுசு ஒண்ணு நிக்குது. இல்லாட்டி நம்ம பெரிய தொரை போறாராம், அவரு காரைக் குடுத்துட்டுப் போறாராம். புதுசா, பழசா, எதை எடுக்கலாம்? நீங்க சொல்லுங்க.”

அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோசம் தெரியுமா? என்னிடம் கேட்டாயே என்று சந்தோசம். சாப்பிட்ட கை காய்கிற வரைக்கும் பேசினேன். புதுக் காரில் ஒரு வசதி, அது வேறு யாருடைய கைப்பழக்கமும் படாதது. நீ எப்படிப் பழக்குகிறாயோ அப்படியே வரும். ஆனால் உன்னிடம் அந்தப் பொறுமை இருக்கிறதா என்று யோசித்துப் பார் என்றேன். புது இயந்திரத்தைப் பசறை ஏற்றத்தில் லொறியை விரட்டுவதுபோல் விரட்டினால் ஆறு மாதத்தில் அதுவும் பழையதுதான். கடைக்காரன் கதவைச் சாத்திக் காட்டுவான், அந்தச் சத்தத்தில் மயங்கிவிடாதே. உள்ளே பதித்த மரப்பலகையையும் தோல் சீட்டையும் தடவிக் காட்டுவான், அதிலும் மயங்காதே. வெளிநாட்டுச் சாமான் இனிமேல் வராது, தடை வரப் போகிறது என்று பத்திரிகையெல்லாம் எழுதுகிறார்கள். சின்னக் காருக்கு ஒரு சாமான் உடைந்தால் பதுளையில் எந்தக் கராஜிலும் கிடைக்கும். பெரிய காருக்கு உடைந்தால் சாக்கைப் போட்டு மூடிவிட்டுக் கப்பலைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டியதுதான். சாமான் கிடைக்குமா என்று கேட்டுக்கொண்டு வாங்கு என்றேன்.

பழைய கார் என்றால் எங்கே பார்க்க வேண்டும் என்றும் சொன்னேன். மேல் பூச்சைப் பார்க்காதே, பெடலில் இருக்கும் ரப்பரைப் பார். தரை விரிப்பைத் தூக்கிப் பார், நம் மலைப் பனியில் அடித்தகடு துருப்பிடித்துப்போய் இருக்கும். பின்னால் இடது பக்கம் கீழே இறங்கியிருக்கிறதா பார், துரைமார் எப்போதும் அங்கேதான் உட்காருவார்கள், அந்தப் பக்கத்து வில் முதலில் தளரும். விற்கிறவன் சூடாக்கி வைத்த இயந்திரத்தை ஓட்டிப் பார்க்காதே, காலையில் குளிர்ந்து கிடக்கும்போது நீயே ஸ்டார்ட் பண்ணு. ஆட்களை நிறைய ஏற்றிக்கொண்டு மலையில் ஏறு, இறங்கி வந்து நிறுத்தி பிரேக்கை முகர்ந்து பார். எல்லாவற்றுக்கும் மேலாக, இதை இத்தனை நாள் யார் ஓட்டினான் என்று கேள். பெரிய துரையின் கார் என் கையில் இருந்தவரைக்கும் அதற்கு ஒரு குறையும் இல்லை, எனக்குப் பின்னால் வந்தவன் அதை என்ன செய்தான் என்று எனக்குத் தெரியாது, நன்றாகப் பார்த்து முடிவு செய் என்றுதான் சொன்னேன். வாங்காதே என்று நான் சொல்லவே இல்லை. நீ எழுந்து கை கழுவும்போது, “அந்தக் காரை எடுத்தா உங்களப் பின் சீட்டுல உக்கார வச்சு பதுளை டவுனைச் சுத்தி வருவேன்பா” என்றாய். உன் அம்மா சிரித்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எனக்கும் ஆசை வந்துவிட்டது, அதுதான் காரணம்.

அந்தக் காரின் மேல் எனக்கு ஆசை இல்லாமல் இருக்குமா? அது கப்பலில் வந்து இறங்கியபோது துரையோடு கொழும்புக்குப் போய் எடுத்து வந்தவனே நான்தான். மலை ஏறி வந்த வழியெல்லாம் ஜனங்கள் நின்று பார்த்தார்கள். தோட்டத்துக்குள் நுழைந்தவுடன் மாரியம்மன் கோவிலுக்கு முன்னால் நிறுத்தச் சொன்னார்கள். பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார், தேங்காய் உடைத்தார். தொழிற்சங்கத் தலைவர்மார் வந்து மாலை போட்டார்கள். ஒரு மாலை காருக்கு, ஒரு மாலை துரைக்கு. துரை சிரித்துக்கொண்டே தலையை நீட்டினார். வண்டியை அவ்வளவு தூரம் ஓட்டிவந்த எனக்கு ஒரு துளி விபூதிகூட வரவில்லை, எலுமிச்சம்பழத்தை நசுக்கும் வேலை மட்டும் என்னுடையது. இந்த நாட்டில் உங்களுக்கு வாக்கும் இல்லை, பிரஜாவுரிமையும் இல்லை என்று நம் ஆட்களுக்குச் சட்டம் போட்டு அப்போது வெகு காலம் ஆகியிருக்கவில்லை. அந்த ஆட்கள்தான் அந்தக் காருக்கு மாலை போட்டார்கள். இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

தோட்டத்து ரோட்டில் அந்தக் கார் எப்படிப் போகும் என்று உனக்குத் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் ஹோர்ன் அடிக்க வேண்டும், அது துரையின் உத்தரவு. ஹோர்ன் கேட்டவுடன் ரோட்டில் போகிற ஆட்கள் எல்லாரும் ஓரத்தில் தண்ணீர் ஓடும் கானுக்குள் இறங்கிவிட வேண்டும். குடை பிடித்திருந்தால் மடக்க வேண்டும், சைக்கிளில் வந்தால் இறங்க வேண்டும், தலையில் முண்டாசு இருந்தால் அவிழ்க்க வேண்டும். யாரும் எழுதி ஒட்டிய சட்டம் இல்லை, ஆனாலும் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு மழை நாளில் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டு முடிந்து மேல் மலைக்குப் போகிற பெண்கள் ரோட்டில் வந்துகொண்டு இருந்தார்கள். ஹோர்ன் அடித்தேன். எல்லாரும் கானுக்குள் இறங்கினார்கள். முழங்கால் அளவுக்குச் செம்மண் தண்ணீர் ஓடிக்கொண்டு இருந்தது. அந்த வரிசையில் கூடையோடு உன் அம்மாவும் நின்றாள். பின்னால் துரை பத்திரிகை வாசித்துக்கொண்டு இருந்தார். நான் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு அவளைக் கடந்து போனேன். மெதுவாகக்கூடப் போக முடியாது, மெதுவாகப் போனால் ஏன் என்று கேட்பார். அன்று சாயங்காலம் அவள் கால் கழுவிக்கொண்டே என்னைப் பார்த்து, “இன்னைக்கு உங்க காரு நல்லா மினுங்குச்சுங்க. எங்க காலுல இருந்த சேத்துல ஒரு பொட்டுகூட அதுல ஒட்டல, நல்லாத்தான் ஓட்டுறீங்க” என்றாள். கிண்டலாகத்தான் சொன்னாள். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஓட்டிய வேலைக்கு நான் ஒரு நாளும் வெட்கப்பட்டது கிடையாது. அந்தச் சம்பளத்தில்தான் நீ பதுளையில் படித்தாய். அந்த வேலையில்தான் நானும் வாசிக்கக் கற்றுக்கொண்டேன். துரை கிளப்பில் டென்னிஸ் விளையாடி முடிக்கும்வரை வெளியே காத்திருக்கும் டிரைவர்மார் எல்லாரும் சீட்டு விளையாடுவார்கள், நான் காருக்குள் கிடக்கும் பழைய தமிழ்ப் பத்திரிகை, கடையில் சுற்றிக் கொடுத்த தாள், எது கிடைத்தாலும் வாசிப்பேன். ஆனால் அந்தக் கோட்டுக்குள் நான் எப்படி இருந்தேன் என்று நீ என்றைக்காவது கேட்டிருக்கிறாயா? இத்தனை வருசத்தில் அவர் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, டிரைவர்தான். பின்னால் பேசுவது காதில் விழும், விழாதவன்போல் இருக்க வேண்டும். நம் ஆட்களைப் பற்றி அவரும் அவருடைய சினேகிதர்களும் பேசிச் சிரிப்பார்கள், அதுவும் விழாதவன்போல் இருக்க வேண்டும். வண்டியை நிறுத்தியவுடன் ஓடிப்போய்க் கதவைத் திறந்து பிடிக்க வேண்டும். மழையென்றால் குடை அவருக்கு, நனைவது எனக்கு. ஓய்வு பெற்ற நாளில் கோட்டையும் தொப்பியையும் பங்களாவிலேயே கொடுத்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம், “இனிமே ஒருத்தனுக்கும் கதவு தொறந்துவிட மாட்டேன்” என்று சொன்னேன். நீயும் அங்கேதான் இருந்தாய். உன் காதாலேயே கேட்டாய்.

இப்போது போன ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். லுணுகலைக் கடைத்தெருவில் கருவாடு வாங்கிக்கொண்டு நிற்கும்போது பங்களாச் சமையற்காரர் அந்தோனி வந்தார். என்னோடு அத்தனை வருசம் வேலை செய்த மனுசர். முகமெல்லாம் சிரிப்பு.

“அண்ணே, மகன் வந்திருந்தாருங்க பங்களாவுக்கு. நல்லா வளந்துட்டாரு.”

“காரைப் பார்க்கவா?”

“ஆமாங்க. லொறியை கீழ ஸ்டோருக்கிட்டயே விட்டுட்டு நடந்து வந்தாரு. பின்னாடி நான் சமைக்கிற குசினிப் பக்கமாத்தான் வந்தாரு. முன்னாடி போங்க தம்பி, காரு வாங்க வந்தவரு நீங்கன்னு சொன்னேன். பரவால்லங்க, இங்கனயே நிக்கிறேன்னுட்டாரு. தொரை சாப்பிட்டு முடிக்கிற மட்டும் செருப்பைக் கழட்டி வச்சுட்டு நின்னாரு. மரியாதை தெரிஞ்ச புள்ளைங்க.”

அவர் என் முகத்தைக் கவனிக்காமல் பேசிக்கொண்டே போனார்.

“சனிக்கிழமை வந்துருவீங்கதானே? கோட்டை டோபிக்குக் குடுத்தாச்சு. பட்டனெல்லாம் நானே பொலிஷ் பண்ணி வச்சிருக்கேன்.”

“எந்தக் கோட்டு?”

“உங்க கோட்டுதாங்க. தொரையை ஸ்டேசனுக்கு நீங்கதானே கூட்டிட்டுப் போறீங்க? மகன் உங்ககிட்ட சொல்லலீங்களா?”

கருவாட்டை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குக் கோபம் துரையின் மேல்தான். பார், கார் விற்கிற சாக்கில் என்னையும் ஒரு தடவை கோட்டுக்குள் போட்டுப் பார்க்க ஆசைப்படுகிறான், என் பிள்ளை வாய் பேச முடியாமல் தலையை ஆட்டியிருக்கிறான், நேரில் போய் நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று நினைத்தேன். நேற்றுக் காலை முதல் பஸ்ஸில் போனேன். தோட்டத்துச் சந்தியில் இறங்கி, மேலே ஏறி, பங்களா முன்வாசலுக்குப் போய் மணியை அடித்தேன். அந்த மணியை நான் அதற்கு முன் அடித்ததே இல்லை. உள்ளே மரப்பெட்டிகளில் சாமான் கட்டிக்கொண்டு இருந்தார்கள். துரையே வெளியே வந்தார். வயதாகிவிட்டது, காது கொஞ்சம் மந்தம்.

“டிரைவர்! சுகமா? உள்ள வா, வா.”

“சுகமுங்க. சனிக்கிழமை விசயமா பேச வந்தேங்க.”

“ஆமா, சனிக்கிழமை. காலையில சீக்கிரம் வா. கோட் எல்லாம் ரெடி.”

“தொரைங்க கோவிச்சுக்கக் கூடாது. என்னைய ஓட்டச் சொல்லணும்னா என்கிட்டயே கேட்டிருக்கலாமுங்க. எம் மகன் வேற வழியில்லாம ஒத்துக்கிட்டு வந்திருக்கான்.”

அவருக்கு நான் சொன்னது புரியவில்லை. திரும்பவும் சத்தமாகச் சொன்னேன். பிறகு அவர் தலையை ஆட்டினார்.

“இல்லை, இல்லை. நான் கேக்க இல்லை. பதுளையில ஒரு டாக்டர் காரு கேட்டான். நல்ல மனுசன். அவனுக்குக் குடுக்கறேன்னு நான் நெனச்சது. அப்புறம் ஒன் மகன் வந்தான். எனக்குக் குடுங்க, எங்க அப்பா கோட் போட்டு ஸ்டேசன் வரைக்கும் ஓட்டும், கடைசி தடவைன்னு சொன்னான். அது கேட்டு எனக்கு ரொம்ப சந்தோசம். அதனால ஒன் மகனுக்குத்தான் காரு.”

முன் விறாந்தையில் பிரம்பு நாற்காலி ஒன்று கிடந்தது. அவர் உட்கார் என்று கை காட்டினார், உட்கார்ந்துவிட்டேன். அந்த நாற்காலிகளை நான் தூக்கி வைத்திருக்கிறேன், துடைத்திருக்கிறேன், அதில் உட்கார்ந்தது நேற்றுத்தான். அதுவும் நிற்க முடியாமல் உட்கார்ந்தேன். துரையோடு சண்டை போடப் போனவன், துரைக்கு முன்னால் உனக்காகத் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் கோபப்பட அதன்பிறகு எனக்கு ஒன்றுமே மிச்சம் இல்லை. அந்த மனுசருக்குப் பாவம் சந்தோசம்தான். என் பிள்ளை என்னைக் கொடுத்தான், அவர் வாங்கிக்கொண்டார்.

மகனே, நான் இங்கே வெளிப்படையாகக் கேட்கிறேன். யாரைக் கேட்டு என்னைக் கொடுத்தாய்? டாக்டர் கொடுக்கிற விலையை உன்னாலும் கொடுக்க முடியும். லொறி ஓட்டிச் சம்பாதித்த காசு, யாரையும் ஏமாற்றாத காசு, அதை எடுத்து முன்வாசலில் நின்று விலை பேசியிருக்கலாம். கிடைத்தால் கிடைக்கிறது, போனால் போகிறது. அதை விட்டுவிட்டு விலையோடு சேர்த்து அப்பனையும் மேலே வைத்தாய். அப்பாவுக்கும் சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தேன் என்று சொல்லப் போகிறாய். எனக்குத் தெரியும், நீ அப்படித்தான் சொல்வாய், அதை நீயே நம்பவும் செய்வாய். சந்தோசமாக இருக்கும் என்று நினைத்தவன் லுணுகலையைத் தாண்டித்தானே வெலிமடைக்குத் திரும்பிப் போனாய்? ஏன் லொறியை நிறுத்தி வீட்டுக்குள் வந்து சொல்லவில்லை? ஒரு டீ குடிக்கக்கூட வரவில்லையே. சொன்னால் நான் என்ன சொல்வேன் என்று உனக்குப் பயம். கோட்டு வெளுத்து வந்த பிறகு சொன்னால், வாக்குக் கொடுத்தாகிவிட்டதே என்று அப்பன் வாயை மூடிக்கொண்டு போட்டுக்கொள்வான் என்று கணக்குப் போட்டாய்.

குசினி வாசலில் நின்றதைப் பற்றியும் எழுதியே ஆக வேண்டும், அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. நான் அந்தப் பக்கமாகப் போனேன், ஏனென்றால் அது எனக்குச் சம்பளம் கொடுத்த இடம், போகச் சொன்ன வழி அது. உன்னை யார் போகச் சொன்னது? அந்தோனியே முன்னால் போ என்று சொல்லியிருக்கிறார். அலைந்து திரிந்து, அரசாங்கக் கச்சேரி ஆபிசுப் படியெல்லாம் ஏறி இறங்கி, இந்த நாட்டுப் பிரஜை என்று உன்னைப் பதிய வைத்தேனே, செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பதற்கா? அந்தக் கார்தான் உன்னை அங்கே கொண்டுபோய் நிறுத்தியது. கொழும்புக் கடையில் புதுக் காரைப் பார்க்கப் போயிருந்தால் நீ முன்வாசலால்தான் போயிருப்பாய், கடைக்காரன் நாற்காலி போட்டிருப்பான். இந்தக் காரைக் கண்டவுடன் மட்டும் உன் கால் தானாகப் பின்பக்கம் போயிருக்கிறது. புதுசா பழசா என்று என்னிடம் கேட்டாயே, அப்போது நான் பெடல் ரப்பரையும் அடித்தகட்டையும் பற்றிச் சொன்னேன், இதைச் சொல்லத் தோன்றவில்லை.

இனி நீ எந்தக் காரை வாங்கினாலும் எனக்குச் சில விசயங்களில் பிடிவாதம் உண்டு. நீ சின்ன வயதில் அந்தக் காரைத் தொடக்கூட முடியாமல் ஏங்கியது எனக்குத் தெரியும், ஆசைப்பட்டதை வாங்குவதில் தப்பே இல்லை. ஆனால் அதைத் தோட்டத்து ரோட்டில் ஓட்டிப் பார்க்க உனக்கு ஒரு நப்பாசை இருக்கிறது, இல்லை என்று சொல்லாதே. அந்தக் காரின் சத்தம் கேட்டால் லயத்து வீடுகளில் இருக்கிற ஆட்கள் இன்னும் கானுக்குள் இறங்குவார்கள். உள்ளே யார் இருக்கிறான் என்று பார்த்துவிட்டு இறங்க மாட்டார்கள், இறங்கிவிட்டுத்தான் பார்ப்பார்கள். அப்போது உனக்கு நெஞ்சு நிமிர்ந்ததென்றால் நீ எனக்குப் பிள்ளையே இல்லை. அந்த ரோட்டில் ஹோர்ன் அடிக்காதே. ஆள் வருகிறது என்றால் வண்டியை நிறுத்து, அவர்கள் நடந்து போகட்டும். கூடை சுமந்து வருகிற பெண் இருந்தால் கதவைத் திறந்துவிட்டு ஏறச் சொல். சீட்டில் சேறு பட்டால் துடைத்தால் போகிறது. உன் பெண்டாட்டியைப் பின்னால் தனியாக உட்கார வைத்துவிட்டு நீ டிரைவர் வைத்துக்கொள்ளப் போகிறாயென்றால் அவன் பெயரை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள். அவன் சாப்பிட்டானா என்று கேள். இதையெல்லாம் நான் கோபத்தில் எழுதினாலும் யோசித்துத்தான் எழுதுகிறேன்.

நேற்று நான் கிளம்பும்போது துரை வாசல் வரைக்கும் வந்தார். “அப்போ சனிக்கிழமை வருதுதானே, டிரைவர்?” என்று கேட்டார். வர மாட்டேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. சொல்லியிருந்தால் அந்த நிமிசமே முடிந்திருக்கும், கார் டாக்டருக்குப் போயிருக்கும், நீயும் என் மேல் பழியைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாய். அதனால் சொல்லவில்லை.

“எம் மகன் வந்து சொல்லுவானுங்க” என்றேன்.

“எப்போ வரும்?”

“வெள்ளிக்கிழமைக்குள்ள வருவானுங்க. முன்பக்கமா வருவான்.”

திரும்பி வரும்போது கொட்டகையில் கார் நின்றது. முன் விளக்குக்கு மேல் தூசி படிந்திருந்தது. கை துறுதுறு என்றது, தொடாமல் வந்துவிட்டேன். போய்ச் சொல். எங்கப்பாவைக் கேட்காமல் வாக்குக் கொடுத்துவிட்டேன், அது என் தப்பு, அவர் ஓட்ட மாட்டார், இப்போதும் கார் எனக்குத் தருவீர்களா என்று அவர் முகத்தைப் பார்த்துக் கேள். தந்தால் வாங்கு. தராவிட்டால் டாக்டர் கொண்டுபோகட்டும். கல்யாணத்துக்கு லொறியைக் கழுவி வாழைமரம் கட்டிக்கொண்டு வந்தாலும் நான் முன்னால் ஏறி உட்கார்ந்து வருவேன்.

இதை எழுதிக்கொண்டு இருக்கும்போது உன் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். எழுதிய வரைக்கும் வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன். “ஏங்க, அவன் வந்து அப்பா, எனக்காக ஒரு தடவை ஓட்டுங்கன்னு கேட்டிருந்தா, போயிருப்பீங்கதானே?” என்றாள். அவளுக்குச் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன். போயிருப்பேன். கோட்டையும் போட்டுக்கொண்டு, அவருக்குக் கதவையும் திறந்துவிட்டு, ஸ்டேசனில் இறக்கிவிட்டு வந்திருப்பேன், நீ கேட்டிருந்தால். நீ கேட்கவில்லை.

உன் அப்பா